கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கை கழுவுவது எப்படி? பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

பிறந்து இரண்டு, மூன்று மாதங்கள் வரை குழந்தை எந்தப் பொருளையும் தேடிப் போய்த் தொடுவதில்லை. நம் கைகள்தான் அதைத் தேடிப் போகின்றன. பால் கொடுப்பது, துணி மாற்றுவது, கால் கழுவிவிடுவது, வாயோரம் வழிகிற பாலைத் துடைப்பது, போகிற போக்கில் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுவது என்று ஒரு நாளில் எத்தனையோ முறை. ஆனால் அந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் காரணத்தை வேறெங்கோ தேடுகிறோம். சூடு என்கிறோம், கண்ணேறு என்கிறோம், அம்மா சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம், பல் முளைக்கிறது என்கிறோம். பல் முளைப்பதால் பேதி ஆவதில்லை. பல் முளைக்கிற அதே ஆறாவது, ஏழாவது மாதத்தில்தான் குழந்தை தவழத் தொடங்குகிறது, கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது, பிசைந்த சோறும் கஞ்சியும் சாப்பிட ஆரம்பிக்கிறது. கிருமி உள்ளே போகும் வழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்துகொள்கின்றன. பழி பல்லின் மேல் விழுகிறது.

நாள் முழுவதும் கை கழுவிக்கொண்டே இருங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அது நடக்கிற காரியமும் இல்லை. சில குறிப்பிட்ட வேளைகளில், சோப்புப் போட்டு, ஒரு தடவைகூட விடாமல் கழுவ வேண்டும். அந்த வேளைகள் எவை, கழுவும் முறை என்ன, அதை வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக்குவது எப்படி என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு மஞ்சள் சோதனை

உங்கள் கை எவ்வளவு சுத்தமாகிறது என்பதை நீங்களே கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளைக் குழைத்து இரண்டு கைகளிலும் முன்னும் பின்னும் பூசிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் கழித்து, சாப்பிட உட்காரும் முன் வழக்கமாகச் செய்வது போல வெறும் தண்ணீரில் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். மஞ்சள் பிசுக்கு அப்படியே நிற்கும்.

இப்போது சோப்புப் போட்டு, உங்கள் வழக்கப்படியே கழுவுங்கள். உள்ளங்கை சுத்தமாகிவிடும். கட்டைவிரலைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். நகக்கண், மோதிரத்தின் அடி, வளையல் உரசுகிற மணிக்கட்டு, எல்லாவற்றையும் பாருங்கள். தோலில் ஏறிய லேசான சாயத்தை விட்டுவிடலாம். பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள்தான் கணக்கு. பெரும்பாலானோருக்குக் கட்டைவிரலிலும் நகக்கண்ணிலும் அது மிச்சமிருக்கும். நாம் குழந்தைக்குச் சோறு பிசையும்போது முதலில் சோற்றில் இறங்குவது இந்த நகக்கண்கள்தான்.

தோலில் இயல்பாகவே ஊறும் எண்ணெய்ப் பசையிலும் அழுக்கிலும் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கிறது, மறுமுனை தண்ணீரைப் பிடிக்கிறது. அதனால் பிசுக்கும் அதிலிருக்கும் கிருமியும் பெயர்ந்து தண்ணீரோடு போய்விடுகின்றன. இன்ஃபுளுவென்சா, கொரோனா போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை இருக்கிறது. சோப்பு அந்த உறையையே உடைத்துவிடுகிறது.

இதனால் உண்மையில் நோய் குறையுமா என்று கேட்பவர்களுக்குக் கராச்சியில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். அங்குள்ள குடிசைப் பகுதிகளில் சில வீடுகளுக்குச் சோப்புக் கொடுத்து, வாரந்தோறும் போய்ப் பார்த்து, கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்தார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா 50 சதவீதம் குறைந்திருந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைந்திருந்தது. குடிநீர்க் குழாயோ புதிய மருந்தோ தந்து கிடைத்த பலன் அல்ல இது. இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது: சாதாரணச் சோப்பும் கிருமிநாசினி சேர்த்த சோப்பும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 வேதிப்பொருள்களை வீட்டு உபயோகக் கை கழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது. அவை சாதாரணச் சோப்பைவிட மேலானவை என்பதற்குச் சான்று இல்லை என்பது ஒரு காரணம். ஆகவே விளம்பரத்தைப் பார்த்து விலை உயர்ந்த சோப்பு வாங்க வேண்டாம். மளிகைக்கடையில் கிடைக்கும் மலிவான சோப்பே போதும்.

கழுவும் முறை, படிப்படியாக

1. மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் கழற்றுங்கள். வளையலை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

2. கைகளை ஓடும் தண்ணீரில் நனைத்துவிட்டுக் குழாயை மூடுங்கள். வெந்நீர் தேவையில்லை, பச்சைத் தண்ணீரே போதும்.

3. சோப்புப் போட்டு உள்ளங்கைகளைத் தேயுங்கள். பிறகு புறங்கைகள், விரல் இடுக்குகள். அடுத்து ஒரு கையின் கட்டைவிரலை மறு கையால் முழுதாகப் பற்றி முறுக்கித் தேயுங்கள். கடைசியாக விரல்களைக் குவித்து, நுனிகளை மறு உள்ளங்கையில் வைத்துச் சுழற்றுங்கள். நகக்கண்ணுக்குள் நுரை போவது இந்த அசைவில்தான்.

4. நுரையோடு தேய்க்கும் நேரம் 20 விநாடியாவது இருக்க வேண்டும். ‘அ’ முதல் ‘ஃ’ வரை நிதானமாக இருமுறை சொன்னால் அந்த நேரம் ஆகிவிடும். பக்கத்தில் நிற்கிற மூத்த பிள்ளைக்கு உயிரெழுத்தும் பழகிவிடும்.

5. தண்ணீர் விட்டு அலசுங்கள். தட்டிலோ கிண்ணத்திலோ தேங்கிய தண்ணீரில் கையை முக்கி எடுப்பது கழுவுவதாகாது. முதல் ஆள் விட்ட அழுக்கை அடுத்த ஆள் எடுத்துக்கொண்டு போகிறார்.

6. துடையுங்கள். ஈரக் கையிலிருந்து கிருமி தொற்றுவது உலர்ந்த கையிலிருந்து தொற்றுவதைவிட எளிது. கைக்கென்று ஒரு சிறு துண்டு வைத்துத் தினமும் மாற்றுங்கள். துண்டு இல்லையென்றால் கையை உதறிக் காற்றில் உலரவிடுங்கள். முந்தானையில் துடைக்க வேண்டாம். காலையிலிருந்து குழந்தையின் மூக்கு, அடுப்படிக் கரி, நம் வியர்வை என எல்லாவற்றையும் துடைத்த முந்தானை அது.

நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நீண்ட நகத்தின் அடியை எந்தச் சோப்பாலும் முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது.

விடக் கூடாத வேளைகள்

மலம் கழித்த பின்னும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்னும் கழுவுவதுதான் முதன்மையானது. முதலாவதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டாவதில்தான் கோட்டைவிடுகிறோம். “பால் குடிக்கிற பிள்ளை, அதன் மலத்தில் என்ன இருக்கிறது” என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கழுவிவிட்ட கையிலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் தாக்கிய குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் பல கோடி வைரஸ் துகள்கள் இருக்கும். இன்னொரு குழந்தைக்கு நோய் வர நூறுக்கும் குறைவான துகள்களே போதும். நகக்கண்ணில் ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு தாராளமாக அதற்குப் போதுமானது. குழந்தையின் மலத்தைக் கழிப்பறையில் கொட்டுங்கள். வாசல் சாக்கடையிலோ குப்பைமேட்டிலோ வேண்டாம். டயாபரைச் சுருட்டி, மூடியுள்ள தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள்.

“இடது கையால்தானே கால் கழுவுகிறோம், ஊட்டுவது வலது கையால்தானே” என்று பெரியவர்கள் கேட்பார்கள். குழாயைத் திறந்தது எந்தக் கை? தாழ்ப்பாளை நீக்கியது, வாளியைத் தூக்கியது எந்தக் கை? அடுத்த நிமிடமே வலது கையும் அதே இடங்களைத் தொடுகிறது. இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்தால்தான் கழுவியதாகும்.

அடுத்தது, உணவைத் தொடும் முன். சமைக்கும் முன், பிசையும் முன், ஊட்டும் முன். நம்மில் பலர் சாப்பிட்டு முடித்த பிறகு குழம்பு வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம், சாப்பிடும் முன் வெறும் தண்ணீரில் நனைக்கிறோம். இந்த வழக்கத்தை அப்படியே திருப்பிப் போட வேண்டும். கையால் பிசைந்து ஊட்டுவதில் தவறே இல்லை. சோற்றின் சூடும் பதமும் விரலுக்குத் தெரிவது போலக் கரண்டிக்குத் தெரியாது. பிசையும் கை சுத்தமாக இருந்தால் போதும். ஊட்டும்போது நடுவில் அலைபேசியை எடுத்தால் மறுபடி கழுவ வேண்டும். ஊட்டி முடிக்கும்வரை அதைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிடுவது இன்னும் எளிது. பிசைந்து மீந்த சோற்றை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்காதீர்கள்.

பச்சைக் கோழி, மீன், முட்டை ஓடு ஆகியவற்றைத் தொட்ட பின்பும், மூக்கைச் சிந்திய பின்பும் (நம்முடையதோ குழந்தையுடையதோ), ஆடு, மாடு, நாய், கோழிகளைத் தொட்ட பின்பும் கழுவுங்கள். வெளியிலிருந்து வீட்டுக்கு வந்தவுடனும் கழுவுங்கள். பஸ் கம்பியைப் பிடித்த கையோடு, ரூபாய் நோட்டை எண்ணிய கையோடு வாசலிலேயே குழந்தையைத் தூக்கிக்கொள்கிற அப்பாக்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். குழந்தை ஓடி வரும்போது மனசு கேட்காதுதான். ஒரு நிமிடம் பொறுத்து, கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

பிறந்த குழந்தை இருக்கும் வீடு

முதல் 28 நாள்களுக்கு விதி கடுமையானது: குழந்தையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பு கை கழுவ வேண்டும். நேபாளத்தின் தெற்கே சர்லாகி மாவட்டத்தில் 23,000க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. குழந்தையைத் தொடும் முன் கை கழுவியதாகச் சொன்ன தாய்மார்களின் குழந்தைகளிடையே இறப்பு 44 சதவீதம் குறைவாக இருந்தது. கை கழுவியது மட்டுமே அதற்குக் காரணம் என்று அறுதியிட முடியாவிட்டாலும், புறக்கணிக்க முடியாத எண் அது.

இந்த நாள்களில்தான் வீடு நிறைய உறவினர்கள் வருகிறார்கள். அன்போடு நீளும் கைகளைத் தடுப்பது பெற்றவர்களுக்குப் பெரிய சங்கடம். 1847இல் வியன்னா மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் முன் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்றார். ஏப்ரல் மாதத்தில் அந்தப் பிரிவில் 18 சதவீதமாக இருந்த தாய்மார்களின் இறப்பு, ஓரிரு மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அப்படியிருந்தும், தங்கள் கை நோயைப் பரப்புகிறது என்ற சொல்லை அன்றைய மருத்துவர்கள் பலரால் ஏற்க முடியவில்லை. படித்தவர்களுக்கே அப்படியென்றால், ஊரிலிருந்து ஆசையோடு வந்த பெரியம்மாவுக்கு வருத்தம் வரத்தான் செய்யும். அதனால் ஆளைப் பார்த்துச் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக்கிவிடுங்கள். “வாருங்கள் அத்தை, கை கழுவிவிட்டு உட்காருங்கள், பிள்ளையை மடியில் தருகிறேன்” என்று சோப்பையும் துண்டையும் நீட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இதைத் தாய் சொல்வதைவிட வீட்டின் மூத்தவரோ கணவரோ சொன்னால் நல்லது. சளி, இருமல் உள்ளவர்கள் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். வாயில் முத்தமிட யாரையும் அனுமதிக்காதீர்கள். உதட்டில் அக்கி போன்ற கொப்புளம் உள்ளவர் முத்தமிட்டால் பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம் வழக்கங்கள் சிலவற்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர் ஒருவர் விரலால் சேனை தொட்டுவைப்பது கழுவாத விரலை நேரே வாய்க்குள் கொண்டுபோகிறது. அது தேனாக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. ஒரு வயதுக்குள் தேனே கூடாது. குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுப்பதும், வாயால் மூக்கில் ஊதுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் நிற்க வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். உரைமருந்தில் கல்லும் விரலும் பாலாடையும் ஒரே நேரத்தில் சுத்தமாக இருப்பது அரிது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் தேவையுமில்லை. கண்ணுக்கு விரலால் மை தீட்டாதீர்கள். ஆசை விடாதென்றால் பாதத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் நகத்தைப் பல்லால் கடித்து எடுக்கும் அம்மாக்கள் நகவெட்டிக்கு மாறட்டும். கையில் கட்டிய வசம்பு வளையல் எப்போதும் எச்சிலில் ஊறி, தரையில் உரசி, மறுபடி வாய்க்கே போகிறது. கழற்றிவிடலாம். இதையெல்லாம் செய்த பாட்டிகளின் அன்பில் யாருக்கும் சந்தேகமில்லை. குளிப்பாட்டுவது, காலில் போட்டு உருவிவிடுவது, தாலாட்டுவது எல்லாம் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். அந்தக் கையில் முதலில் சோப்புப் படட்டும்.

சோப்பு எங்கே இருக்கிறது?

பழக்கம் நிற்பதும் உடைவதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். பல வீடுகளில் சோப்பு குளியலறையில் இருக்கும். கழிப்பறை கொல்லையில் இருக்கும். அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் சோப்பைத் தேடிப் போக மாட்டார்கள். கழிப்பறைக் குழாயருகே ஒன்று, சமையலறையில் ஒன்று, குழந்தைக்குத் துணி மாற்றும் இடத்துக்குப் பக்கத்துக் குழாயில் ஒன்று என்று நிரந்தரமாக வையுங்கள். சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் கரையாது, தொலையாது.

சோப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்றால், மிஞ்சிய துண்டுகளைச் சீவி, தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுக் கலக்கிவிடுங்கள். மூடியில் ஒரு துளை போட்டால் அழுத்தும்போதெல்லாம் சோப்புத் தண்ணீர் வரும். தண்ணீர் லாரியை எதிர்பார்த்திருக்கும் ஊர்களிலும் இந்த முறை உதவும். குழாயை மூடிவிட்டுத் தேய்த்தால் ஒரு முறை கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் தாராளம். அழுக்குக் கையால் சொம்பைத் தொடாமல் வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். குடிநீர்க் குடத்துக்குள் டம்ளரோடு விரல்களும் முங்குவதை நிறுத்த, நீண்ட காம்புள்ள கரண்டி ஒன்றைக் குடத்துக்கென்றே ஒதுக்குங்கள்.

சானிடைசர் பயணத்துக்கு நல்லது. குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். அழுக்கோ எண்ணெயோ படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்திபேதி பரப்பும் நோரோ வைரஸ், கை, கால், வாய் நோய் பரப்பும் என்டெரோ வைரஸ்கள் ஆகியவற்றுக்குக் கொழுப்பு மேலுறை இல்லாததால் அவை சானிடைசருக்கு எளிதில் மசிவதில்லை. ஆகவே கால் கழுவிவிட்ட பிறகு சோப்பும் தண்ணீரும்தான். பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். சிறிதளவு குடித்தாலும் ஆபத்து. தடவிய கை உலரும் முன் அடுப்பு, விளக்கு, பட்டாசு பக்கம் போகாதீர்கள்.

குழந்தையின் கைகள்

தவழத் தொடங்கியதும் குழந்தையின் கைகளையும் ஊட்டும் முன் கழுவிவிட வேண்டும். மடியில் உட்காரவைத்து, உங்கள் கையில் நுரை எடுத்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து, தண்ணீர் விட்டுத் துடையுங்கள். இரண்டு வயதில் முக்காலி போட்டுக் குழாயடியில் நிற்கவைத்தால் தானே செய்ய ஆசைப்படும். நீங்கள் கழுவுவதைப் பார்த்துத்தான் அது கற்கும்.

“மண்ணில் விளையாடினால்தானே எதிர்ப்பு சக்தி வரும்?” என்று கேட்கிறார்கள். விளையாடட்டும், தடுக்காதீர்கள். விளையாடி முடித்துச் சாப்பிட வரும்போது கழுவினால் போதும். ஆனால் மலத்திலிருந்து வரும் கிருமியால் குழந்தை பலம் பெறுவதில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் எடையும் உயரமும் பின்தங்கும்.

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால்

தாய்க்குச் சளி, காய்ச்சல் என்றால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கை கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுக்கலாம். மெட்ராஸ் ஐ வந்தவருக்குத் துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும். கண்ணைத் தொட்டால் உடனே கழுவ வேண்டும். கை, கால், வாய் நோய் வந்த குழந்தைக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் சில வாரங்களுக்கு மலத்தில் வைரஸ் வெளியேறும். அதனால் குழந்தை தேறிவிட்டது என்று சோப்பை மறந்துவிடக் கூடாது.

கையால் தடுக்க முடியாதவையும் உண்டு. தட்டம்மை காற்றில் பரவுகிறது, டெங்கு கொசுவால் வருகிறது. தடுப்பூசி அட்டவணையை விடாதீர்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14ஆவது வாரங்களில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அப்படியும் வயிற்றுப்போக்கு வந்தால் முதல் பேதியிலிருந்தே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், கழுவிய கையால் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். தாய்ப்பாலும் வழக்கமான உணவும் தொடரட்டும். துத்தநாக மாத்திரை 14 நாள்களுக்கு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மருத்துவரையோ கிராம சுகாதார செவிலியரையோ கேட்டுக் கொடுங்கள்.

பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல், கண் குழிவிழுதல், மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, மூச்சுவிடும்போது விலா உள்வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இரவாக இருந்தாலும், வண்டி இல்லாவிட்டாலும் 108ஐ அழையுங்கள்.